நீலக் கைகள்

மார்ச் 3, செவ்வாய்

அக்கா இன்றும் தேர்வில் தோற்றுவிட்டாள். பத்துக்கு நான்கு. போன மாதம் ஐந்து. எட்டு வாங்கினால்தான் தேர்ச்சி. கேள்வி அதேதான், வீடியோ அதேதான், அந்த வீடியோவில் சைகை மொழியில் பாடம் நடத்துவது அவளுடைய சொந்தத் தங்கை, நான். ஒருத்திக்கு இதற்கு மேல் என்ன சலுகை வேண்டும்?

எரிச்சலில் எழுதுகிறேன். அடங்கட்டும் என்று காத்திருந்தால் நான் எழுதவே மாட்டேன்.

சலவைக்கூடத்துக்குப் புது இஸ்திரி மெஷின் வந்ததிலிருந்து இந்தத் தேர்வு. ஒரு பக்கம் ஈரமான ஆஸ்பத்திரி விரிப்பு நுழையும், மறுபக்கம் சுடச்சுட மடிந்து வரும். துணி சிக்கினால் சிவப்புக் கம்பியை அடிக்க வேண்டும். விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். அப்புறம்தான் மூடியைத் தூக்க வேண்டும். தவறினால் கை வெந்துவிடும். சரி, தேர்வு வைக்கட்டும். ஆனால் மூன்று முறை தோற்றால் கீழறைக்கு அனுப்புவார்களாம். அது என்ன கணக்கு?

கீழறை என்பது ரத்தமும் சீழும் பட்ட துணிகளைப் பிரிக்கும் இடம். ஜன்னல் கிடையாது. தூசி படிந்த ஒரு மஞ்சள் பல்ப். முழங்கை வரை ரப்பர் உறை, முகத்தில் மூடி. காது கேட்பவர்களுக்கு அது நாற்றம் பிடித்த ஓர் அறை, அவ்வளவுதான். காது கேளாதவர்களுக்கு அங்கே பேச்சே இல்லை. கையும் முகமும் தெரியாத இடத்தில் எதை வைத்துப் பேசுவது? ஏற்கெனவே இரண்டு பேர் போய்விட்டார்கள். முயலும் இரட்டைச்சுழியும்.

இவை கைப்பெயர்கள். சைகை மொழி பேசுகிறவர்களிடையே ஆளுக்கு ஒன்று உண்டு. முன்பல் இரண்டையும் விரலால் காட்டினால் முயல். உச்சந்தலையில் விரலை இரண்டு முறை சுழற்றினால் இரட்டைச்சுழி. சூப்பர்வைசருக்குப் பொத்தான் என்று பெயர், சட்டையின் நடுப்பொத்தான் எப்போது தெறிக்கும் என்று அவர் வயிற்றைப் பார்த்தே எல்லோரும் காத்திருப்பதால். நான் கொசு. காதருகே காற்றைக் கிள்ளினால் நான். சின்ன வயதில் அக்காவின் முகத்துக்கு முன்னால் ஓயாமல் கையாட்டிக்கொண்டே இருப்பேனாம். வைத்தவள் அவள்தான்.

சாயங்காலம் வீட்டில் சண்டை. (கையால் பேசியதையும் இங்கே பேச்சாகவே எழுதுகிறேன். எனக்கு அது பேச்சுதான்.)

"பாடம் ஓடும்போது உன் புத்தி எங்க போகுது?"

"இருட்டு," என்றாள்.

"இருட்டுன்னா வெளிச்சத்தைக் கூட்டிக்கோ! இதைக்கூட நான் வந்து பண்ணணுமா?"

கண்ணை மூடிக்கொண்டாள். அக்காவோடு சண்டையில் நான் ஜெயித்ததே இல்லை. அவள் இமையை இறக்கினால் தீர்ந்தது. என் சொற்களெல்லாம் அந்தரத்தில் கொஞ்ச நேரம் ஆடிவிட்டு நின்றுபோகும்.

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். "வாயைத் திறக்காமதானே சண்டை போடறீங்க. அப்புறம் எப்படிடி டம்ளர் மட்டும் உடையுது?"

மார்ச் 4, புதன்

அக்கா என்னைக் கண்டால் மட்டும் கண்ணை மூடுகிறாள். பேருந்தில் பக்கத்திலேயே உட்கார்ந்தும் மூடியிருந்தாள். தூங்குகிறாள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். என்ன ஒரு திட்டு!

மார்ச் 6, வெள்ளி

கூடத்துக்கு இறங்கிப் போனேன். அக்காவைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான். டேப்லெட் முன்னால் நின்றுகொண்டு பராக்குப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, நன்றாகக் கேட்க வேண்டும் என்று.

நான் இங்கே சைகை மொழிபெயர்ப்பாளர். என் நாற்காலி மாடியில், அலுவலகத்தில். கூட்டம் நடந்தாலோ யாராவது பார்வையிட வந்தாலோதான் கீழே வருவேன். பார்வையிட வருகிறவர்களிடம் மேனேஜர் ஒரே வசனத்தைச் சொல்வார்: "இங்க இருக்கற சத்தத்துக்கு வேற யாரும் ஒரு மாசம் தாங்க மாட்டாங்க. இவங்களுக்கு அந்தத் தொந்தரவே இல்ல பாருங்க." ஏதோ அவர்தான் காதை வாங்கி வைத்துக்கொண்டு உதவி செய்ததுபோல. அதையும் நான் சைகையில் சொல்லிவைப்பேன். கூடத்தில் வேலை செய்யும் காது கேளாத இருபத்திரண்டு பேரும் மரியாதையாகத் தலையாட்டுவார்கள்.

இன்று பதினொரு மணிக்குக் கூடம் வேறு மாதிரி இருந்தது. கண்ணாடிக் கூரை வழியே வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. மேலே கம்பியில் கிளிப்பு மாட்டிய விரிப்புகள் ஒன்றன் பின் ஒன்றாக நகர்ந்தன. ஆவி தரையிலிருந்து எழும்பி முழங்காலைத் தொட்டது. காதில் பஞ்சு வைத்திருந்தேன். சத்தம் எங்கோ தூரத்துக்குப் போய்விட, வெள்ளைத் துணிகள் மட்டும் அசைந்து அசைந்து வந்தன. நடக்கிறேனா மிதக்கிறேனா என்று ஒரு நிமிஷம் தெரியவில்லை.

மெஷின் பக்கத்துத் தூணில் டேப்லெட். அதில் நான்.

முகம் இருந்தது. கழுத்துக்குக் கீழே கருஞ்சிவப்பு இருட்டு. அதற்குள் எங்கோ ஏதோ அசைந்தது, ஆழக் குளத்தில் மீன் திரும்புகிற மாதிரி. திரையின் மேல் கூரையின் சட்டங்கள் விழுந்திருந்தன, ஒரு மேகம் விழுந்திருந்தது, என் மார்பின் குறுக்கே விரிப்புகள் போய்க்கொண்டிருந்தன. நான் புருவத்தைத் தூக்குகிறேன். உதட்டைக் குவிக்கிறேன். கனவில் வந்து, அவசரமாக ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமலே போய்விடுகிற மனுஷி மாதிரி. கை இல்லை. எனக்குக் கையே இல்லை.

அக்கா பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கண்கள் திறந்திருந்தன.

"இருட்டுன்னு சொன்னேனே. இதுதான்."

"அப்புறம் பத்துக்கு நாலு எப்படி வாங்கின?"

"உன் மூஞ்சிய வெச்சு. நீ முறைச்சா 'தொடாதே', முறைக்கலன்னா 'தொடலாம்'. ஆனா நீ எப்பவுமே முறைச்சுக்கிட்டுதானே இருக்க? நான் என்ன பண்றது!"

மார்ச் 7, சனி

வெளிச்சத்தைக் கூட்ட வழியே இல்லை. டேப்லெட்டின் அமைப்புப் பக்கத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். கடவுச்சொல் மாடியில். "வெளிச்சத்தைக் கூட்டிக்கோ" என்று நான் மகாராணி மாதிரி சொன்னேனே, அது முடியாது என்றுகூட எனக்குத் தெரியவில்லை. பொத்தானிடம் கேட்டேன்.

"ஆட்டோல போட்டிருக்கும்மா. சுத்தி வெளிச்சம் இருந்தா தானா கூடும், இருட்டினா தானா குறையும். நம்ம கை வெச்சா சார்ஜ் சாயங்காலம் வரைக்கும் நிக்காது."

"கூடவே இல்லையே, சார்."

"கூடும் கூடும். மெஷினுக்குத் தெரியாததா உனக்குத் தெரிஞ்சிடப் போகுது?"

ஐந்து மணிக்கு டேப்லெட்டுகளைக் கழற்றி மாடி அலமாரியில் வைப்பார்கள். ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். மேல் ஓரத்தில், கேமராவுக்குப் பக்கத்தில், கடுகளவு ஒரு புள்ளி. அதுதான் சுற்றியிருக்கும் வெளிச்சத்தை அளக்கிற கண். ஆவி படாமலிருக்க மாட்டிய ரப்பர் உறையின் விளிம்பு சரியாக அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது.

அதாவது, டேப்லெட் தான் ஏதோ இருட்டறையில் இருப்பதாக நினைத்துக்கொள்கிறது. நம் கண் கூசக் கூடாதே என்று இரக்கப்பட்டு வெளிச்சத்தைக் குறைக்கிறது. கண்ணாடிக் கூரைக்குக் கீழே, நடுப்பகலில்! தன் கண்ணை மூடிக்கொண்டு மற்றவர்களுக்கு எது நல்லது என்று முடிவு செய்கிற வேலையை இந்தக் கட்டடத்தில் வேறு சிலரும் பார்க்கிறார்கள். அவர்களுக்கு ரப்பர் உறைகூடத் தேவைப்படுவதில்லை.

பேனாக்கத்தியால் உறையில் சின்னப் பிறை வெட்டினேன். திரை மெல்ல, மெல்ல, விடிகிற மாதிரி வெளுத்தது. என் கைகள் தெரிந்தன! ஆறு உறைகளிலும் வெட்டினேன். அக்காவுக்குக் கடைசித் தேர்வு பதினேழாம் தேதி. இனிக் கவலையில்லை.

மார்ச் 8, ஞாயிறு

மத்தியானம் படுத்ததும் கனவு. கூடத்தின் கம்பியில் விரிப்புக்குப் பதிலாகக் கைகள் தொங்கிக்கொண்டு வருகின்றன. எல்லாம் என் கைகள். ஈரம் சொட்டுகிறது. நான் ஒவ்வொன்றையும் பிடித்துப் பிழிகிறேன். பிழியப் பிழியத் தண்ணீர் மட்டும் வருகிறது, சொல் வரவில்லை.

எழுந்தால், அக்கா கொல்லைப் படியில் தலை உலர்த்திக்கொண்டிருந்தாள். போய் எதிரே உட்கார்ந்தேன்.

"ஏன் யாருமே மேல வந்து சொல்லல? இருபத்திரண்டு பேர் இருக்கீங்க. ஒருத்தர்கூடவா?"

ஈரக் கூந்தலைத் தள்ளிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டாள். "பேசினோம். சாப்பாட்டு நேரத்துல, எல்லாரும் உக்காந்து. உனக்கு இது மொத வேலை. வீடியோ சரியில்லன்னு சொன்னா உன்னைத்தான் தூக்குவாங்க. நம்ம கொசு ஒருத்தி மாடில உக்காந்திருக்கா, இருக்கட்டும். நாம யூகிச்சுப் பதில் போட்டுக்கலாம்னு முடிவு பண்ணோம்."

"யாரு சொன்னது அப்படி?"

"முயல்."

முயல் இப்போது கீழறையில் இருக்கிறாள்.

மார்ச் 9, திங்கள்

தெரியவில்லை.

கூடத்து வெயிலில் திரை பளிச்சென்று இருக்கிறது. முகம் நிலா மாதிரி இருக்கிறது. கைகள் இருந்த இடத்தில் வெளிறிய பழுப்புப் புகை. சனிக்கிழமை மாடியில், டியூப்லைட்டின் கீழ் பார்த்துவிட்டு நான் குதித்திருக்கிறேன். வீடியோ எடுத்த அன்றும் இப்படித்தான், மாடி மூலையில், என் போனில் பார்த்து "பிரமாதம்" என்று ஒப்புதல் கொடுத்தேன். அதே தப்பு, இரண்டாவது தடவை. புத்தி என் பக்கம்தான் பராக்குப் பார்த்திருக்கிறது.

வெளிச்சம் வேறு, வேறுபாடு வேறு. எவ்வளவு வெளிச்சம் ஊற்றினாலும் என் கை என் சட்டையிலிருந்து பிரிந்து வராது. சட்டை கருஞ்சிவப்புச் சீருடை. கை, என் கை. இரண்டும் திரையில் ஒரே இருட்டின் இரண்டு பக்கங்கள். அதன்மேல் கூரையின் வெயில் வேறு.

சைகை மொழிபெயர்ப்புப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே இதுதான்: கருநிறச் சட்டை போடுங்கள், அப்போதுதான் கை எடுப்பாகத் தெரியும். புத்தகத்தில் படமும் இருந்தது. கறுப்புச் சட்டை, அதன்மேல் சோளக்குருத்து மாதிரி இரண்டு கைகள். நான் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கினேன். எழுதிய கையைக் குனிந்து பார்க்கவில்லை.

யாருடைய கையை நினைத்து எழுதிய விதி அது? கோபம் வருகிறது. புத்தகத்தின் மேல் பாதி, என் மேல் பாதி.

மார்ச் 11, புதன்

மேனேஜரிடம் போனேன். வீடியோக்காரரும் இருந்தார்.

"கை தெரியலையா? அவ்வளவுதானே," என்றார் மேனேஜர். "ரிசப்ஷன்ல இருக்கற பொண்ணை நிக்க வெச்சுடலாம். அந்தப் பொண்ணு கை நல்லாத் தெரியும்."

"அவங்களுக்குச் சைகை மொழி தெரியாது, சார்."

"நீ சொல்லிக் குடும்மா. பத்து நிமிஷ வீடியோ. டான்ஸ் மாதிரிதானே?"

டான்ஸ் மாதிரி! பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். வீடியோக்காரர் நல்லவர், எனக்கு உதவ வேண்டும் என்று நினைத்தார்: "ஆளை மாத்த வேணாம் சார். நான் கையையும் கொஞ்சம் தூக்கி விட்டுடறேன். மூஞ்சியை ஏற்கெனவே ரெண்டு பாயின்ட் தூக்கித்தான் விட்டிருக்கேன். கவனிச்சியாம்மா? நல்லா வந்திருக்குல்ல?"

முகம் மட்டும் ஏன் நிலா மாதிரி மிதந்தது என்று அப்போதுதான் புரிந்தது. லைட்டும் முகத்துக்குத்தான் வைத்தார். பேசுகிறவளின் வாயை நம்பி வாழ்கிற உலகம், முகத்தை வெளுத்துவிட்டால் போதும் என்று நினைத்திருக்கிறது. இந்த மொழிக்கு வாய் கையில் இருக்கிறது என்று சொன்னேன். கொஞ்சம் கத்தியும் சொன்னேன்.

"சரி சரி, அடுத்த மாசம் புதுசா எடுக்கலாம்," என்றார் மேனேஜர்.

"அக்காவுக்குப் பதினேழாம் தேதி தேர்வு, சார். அதைத் தள்ளி வைக்கணும்."

"தேதி தேதிதான். ஒருத்தருக்குத் தள்ளினா எல்லாரும் வந்து நிப்பாங்க."

மார்ச் 12, வியாழன்

குளியலறையில் முகப்பவுடரை இரண்டு கையிலும் மணிக்கட்டு வரை பூசிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று "விளக்கு அணையும்வரை காத்திரு" என்று சொல்லிப் பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. உடனே கழுவிவிட்டேன். இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மார்ச் 14, சனி

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக் கூடத்துக்கு இழுத்துப் போனாள். அதே பதினொரு மணி வெயில்.

"உனக்கு ஒண்ணு காட்டறேன். கத்தாத. யார்கிட்டயும் சண்டைக்கும் போகாத."

டேப்லெட்டின் ஓரத்தில் சத்தத்தைக் கூட்டும் பொத்தானையும் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று.

உலகம் திரும்பிக்கொண்டது.

இருட்டாயிருந்ததெல்லாம் வெளிச்சமானது. என் கருஞ்சிவப்புச் சட்டை விடியற்காலைக் கடல் மாதிரி ஒரு வெளிர்பச்சை. என் நிலா முகம் இருண்டு மழைமேகமாயிற்று. கண்ணின் வெள்ளை கறுப்பு, பல் கறுப்பு. அந்தப் பச்சைக் கடலின் மேல், மெல்லிய நீல நிறத்தில், இரண்டு கைகள். பத்து விரல்கள். என் விரல்கள்! நகத்தின் விளிம்புகூடத் தெரிந்தது. "விளக்கு அணையும்வரை காத்திரு," என்றன அவை, தெளிவாக, பொறுமையாக. கூரையின் மேகம் திரையில் விழுந்தும் அவற்றை அழிக்க முடியவில்லை.

எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. எனக்கே தெரியாத ஓர் ஊரிலிருந்து யாரோ என்னோடு பேசுகிற மாதிரி இருந்தது. நான் இவ்வளவு அழகாகவா பேசுகிறேன்?

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"சத்தம் கூட்டற பொத்தான், குறைக்கற பொத்தான். ரெண்டும் எங்களுக்கு எதுக்கு? சும்மாதானே கெடக்குது. ஆவியத் தொடைக்கும்போது சேத்து அழுத்திட்டேன். இப்படி ஆயிடுச்சு. பயந்துபோய் மறுபடி அழுத்தினேன், பழையபடி ஆயிடுச்சு."

அமைப்புப் பக்கத்தைப் பூட்டியவர்கள் அந்த இரண்டு பொத்தானை மறந்திருக்கிறார்கள். பார்வைக் குறை உள்ளவர்களுக்கான வசதியாம், நிறங்களைத் தலைகீழாக்குவது. மாடியில் எவருக்கும் இது தெரியாது. எனக்கும் தெரியாது. இருட்டில் இருக்கும் வேறுபாட்டை வெயில் தின்றுவிடுகிறது, வெளிச்சத்தில் இருக்கும் வேறுபாட்டை அதனால் தின்ன முடியவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதை ஓர் அழுக்குத் துடைக்கும் துணி கண்டுபிடித்திருக்கிறது.

சுற்றிலும் ஏழெட்டுப் பேர் நின்று என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காதருகே காற்றைக் கிள்ளிவிட்டு, தன் கையில் நீலம் பூசுவதுபோலக் காட்டினார்.

மார்ச் 17, செவ்வாய்

அக்கா பத்துக்குப் பத்து.

சந்தோஷம் அரை மணி நேரம் இருந்தது. தேர்வு முடிந்து அவள் நிறத்தைத் திருப்பி வைக்க மறந்துவிட்டாள். பொத்தான் வந்து பார்த்தார். கறுப்புப் பல்லோடு ஓர் உருவம். "டேப்லெட்டைக் கெடுத்துட்டாங்க! இதுல என்னவோ தில்லுமுல்லு இருக்கு. நாலு வாங்கினவ எப்படிப் பத்து வாங்குவா?" உறைகளில் இருந்த வெட்டுகளையும் அப்போதுதான் கவனித்தார்.

அக்காவின் மதிப்பெண்ணை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். வியாழக்கிழமை விசாரணை. மொழிபெயர்க்க ஆள் வேண்டும். ஆள் நான்தான்.

மார்ச் 19, வியாழன்

முழுக்க எழுதிவிட வேண்டும்.

காலையில் பேருந்தில் அக்கா சொன்னாள்: "இன்னைக்கு நீ பேசாத. நான் பேசறேன். நீ என் வாய், அவ்வளவுதான்."

மொழிபெயர்ப்பவளுக்கு விதி ஒன்று உண்டு. பேசுகிறவர் "நான்" என்றால் நானும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. இந்த விதியை மட்டும் யாருடைய கையை நினைத்து எழுதினாலும் எனக்குச் சம்மதம்.

மேனேஜர், பொத்தான், அக்கா, நான். அக்காவின் எதிரே உட்கார்ந்தேன்.

"கம்பெனி டேப்லெட்டை ஏன் கெடுத்தீங்க?" என்றார் மேனேஜர்.

அக்காவின் கை எழுந்தது. என் வாய் திறந்தது. "நான் கெடுக்கல, சார். உறையை வெட்டினது நான் இல்ல, என் தங்கச்சி. அவளைக் கேளுங்க. நான் பண்ணது ரெண்டு பொத்தானை அழுத்தினது மட்டும்தான். சத்தத்துக்கு வெச்ச பொத்தான். அது எனக்கு எதுக்கு, சொல்லுங்க?"

பொத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றுப் பொத்தான் அபாயமாக ஆடியது.

"அந்த வீடியோவுல பேசறது என் தங்கச்சி," என்றேன் நான். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ மாதிரி வந்தது. "அவ கை எங்களுக்குத் தெரியல. எடுத்து முடிச்சப்புறம் ஒரு தடவகூட அவ கூடத்துக்கு வந்து, நாங்க நிக்கற இடத்துல நின்னு, எங்க டேப்லெட்ல பாக்கல. அது அவ தப்பு. அவளுக்கு வேலை போயிடுமேன்னு நாங்க சொல்லாம இருந்தோம். அது எங்க தப்பு. ரெண்டு பேர் கீழறைக்குப் போனது இந்த ரெண்டு தப்பாலதான். அவங்க படிக்காததால இல்ல."

அக்கா என் கண்ணைப் பார்த்துக்கொண்டே இதைச் சொன்னாள். நான் மேனேஜரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அதோடு இன்னும் ஒரு வாக்கியம் கிளம்பியது, என்னுடையது. பூட்டிய அமைப்பு, ரிசப்ஷன் பெண், வெளுத்த முகம், எல்லாவற்றையும் சேர்த்து: "அது மட்டுமில்ல சார், நீங்க—"

அக்கா மேசையைத் தட்டினாள்.

"நான் சொன்னது சின்னது. உன் வாய் இன்னும் அசையுது. என்ன சேக்கற?"

நிறுத்தினேன். "மன்னிக்கணும். கடைசியா வந்தது என்னோடது. அவங்களோடது இல்ல."

மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "சரி. இப்ப என்ன பண்ணணுங்கற?"

அக்கா சுவர்க்கடிகாரத்தைக் காட்டினாள். "மணி பதினொண்ணு ஆகப்போகுது. கீழ வாங்க, சார். நான் நிக்கற எடத்துல நில்லுங்க."

வந்தார். பாராட்ட வேண்டும், வந்தார். வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. விரிப்புகள் போய்க்கொண்டிருந்தன. மேனேஜர் தூணின் முன்னால் நின்று டேப்லெட்டைப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார், கையால் மறைத்துப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். மெஷின் சத்தத்தில் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. உதட்டைப் படித்தேன்.

"கை எங்க?"

அக்கா இரண்டு பொத்தானையும் அழுத்தினாள். நீலக் கைகள் எழுந்தன. மேனேஜர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

மார்ச் 20, வெள்ளி

முடிவு வந்துவிட்டது. அக்காவின் பத்து செல்லும். அவள் கூரையின் கீழேயே இருப்பாள். முயலுக்கும் இரட்டைச்சுழிக்கும் புது வீடியோவோடு இன்னொரு தேர்வு. எனக்கு எச்சரிக்கைக் கடிதம்: உறைகளை வெட்டியதற்கும், "பணியில் கவனக்குறைவு"க்கும். கையெழுத்துப் போட்டேன். இரண்டும் உண்மைதான்.

அமைப்பைப் பூட்டியவருக்குக் கடிதம் இல்லை. தேதி தேதிதான் என்றவருக்கு இல்லை. காதில்லாதவர்களைச் சத்தத்திலும் கண்ணுக்கெட்டாதவர்களை இருட்டிலும் வைக்கலாம் என்று கட்டடத்தை வரைந்தவருக்கு இல்லை. கடிதம் எப்போதும் படி வழியே கீழ்நோக்கித்தான் இறங்குகிறது.

ஆனால் யாரும் என்னைத் தூக்கவில்லை. இருபத்திரண்டு பேர் எதற்குப் பயந்து வாயை, கையை, கட்டிக்கொண்டார்களோ, அது நடக்கவே இல்லை.

மார்ச் 27, வெள்ளி

புது வீடியோ. மாடியில் இல்லை, கூடத்திலேயே.

என்ன சட்டை போடுவது என்று நான் முடிவு செய்யவில்லை. ஒவ்வொருவரும் அலமாரியிலிருந்து ஒரு துணியை எடுத்து வந்து என் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்கள். துணிக்கடையில் கல்யாணப் பெண்ணுக்குப் பார்ப்பது மாதிரி. தலையணை உறை – கூசுகிறது, வேண்டாம். அறுவைச் சிகிச்சைப் பச்சை – கை அழுக்காத் தெரியுது. "அவ கையே அழுக்குதான், கழுவச் சொல்லு," என்றார் ஒருவர். கடைசியில், ஆயிரம் முறை துவைத்து வானம் மாதிரி வெளுத்துப்போன ஒரு நோயாளி அங்கி. எல்லாக் கையும் ஒரே நேரத்தில் "இதுதான்!" என்றது.

ஆக, நோயாளி அங்கியில் நின்றுகொண்டு இயந்திரப் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்தேன். லைட்டைக் கைக்கு வையுங்கள் என்றேன். வீடியோக்காரர், "மூஞ்சி கொஞ்சம் டல்லாயிடுமேம்மா?" என்றார். ஆகட்டும் சார். எடுத்ததை அந்த இடத்திலேயே, தூணில் மாட்டி, வெயிலில், உறையோடு ஓட்டிப் பார்த்தோம். அக்கா கண்ணைச் சுருக்காமல் பார்த்தாள்.

அம்மாவிடம் அங்கிக் கதையைச் சொன்னேன். "நல்லது. உனக்கு ரொம்ப நாளா அது தேவைதான்," என்றாள்.

ஏப்ரல் 1, புதன்

கீழறைப் படிவரை போனேன். பல்பைத் துடைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருந்தேன். துடைத்திருக்கிறார்கள். அவ்வளவுதான். அந்த அறை இன்னும் அங்கேதான் இருக்கிறது.

ஏப்ரல் 3, வெள்ளி

முயலுக்கும் இரட்டைச்சுழிக்கும் தேர்வு. பாடம் நடத்தியவள் பக்கத்தில் நிற்கக் கூடாதாம். கூடத்தின் மறுகோடியில் நின்றேன். நடுவில் விரிப்புகள் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் விலகும்போது இரண்டு முதுகுகள் தெரிந்தன, அப்புறம் வெள்ளை, அப்புறம் முதுகுகள்.

முடிந்தது. துணிகளை விலக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் பேசாத கைகள். இருவரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டே வந்தார்கள். ஆனால் கூரையின் முழு வெயிலும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணைக் கூசும் வெளிச்சமும், அதற்குள் இறகடிக்கும் ஏதோ நான்கும். ஒரு சொல்கூடப் புரியவில்லை. அழுகிறார்களா, சிரிக்கிறார்களா?

"தெரியல," என்றேன். "எனக்குத் தெரியல."

அக்கா ஓடி வந்து, போய்க்கொண்டிருந்த ஈர விரிப்பு ஒன்றைக் கம்பியிலிருந்து இழுத்து எங்கள் தலைக்கு மேல் குறுக்கே பிடித்தாள். நிழல் விழுந்தது. நிழலுக்குள் கைகள் வந்தன. முயலின் முன்பற்களும்.

"மறுபடி சொல்லு," என்றேன்.

"ரெண்டு பேரும் எட்டு. ரெண்டு பேருக்கும் அதே ரெண்டு தப்பு," என்றாள் முயல். "அது உன்னாலதான் கொசு. மூடியைத் தூக்கற எடத்துல ரொம்ப வேகமாப் பேசற. யாரால பாக்க முடியும்?"

இரட்டைச்சுழி பலமாகத் தலையாட்டினார். பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்து நின்று, ஆமாம், எங்களுக்கும் அப்படித்தான், இன்னொரு இடமும் இருக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்ல ஆரம்பித்தார்கள். எந்தெந்த இடம் என்று கேட்டு உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டேன். மொத்தம் ஐந்து.

நாளை அங்கியை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.